டயருக்குள் மணி போட்டால் தானாக பேலன்ஸ் ஆகுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 350 சிசி பைக், அலாய் வீல், முன்னால் 100/90-19 டியூப்லெஸ் டயர். புது டயர் போட்டதிலிருந்து 85, 90 தொட்டால் ஹேண்டில் துடிக்கிறது. டயர் கடையில் "பைக் வீலுக்கெல்லாம் பேலன்சிங் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். கனடாவில் லாரி ஓட்டும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு பாக்கெட் பேலன்சிங் மணி கொண்டுவந்து கொடுத்து, இதை டயருக்குள் கொட்டினால் போதும், வண்டி ஓட ஓட அதுவே பேலன்ஸ் செய்துகொள்ளும் என்கிறார். கடைக்காரர் சிரிக்கிறார். போடலாமா, அண்ணன் வைத்திருக்கும் லாரிக்கும் இது ஆகுமா?

என் பதில்: பைக்குக்குப் போடலாம், ஆனால் இப்போது வேண்டாம், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. லாரிக்கு என்னைக் கேட்டால் வேண்டாம். மைத்துனர் பொய் சொல்லவில்லை, கடைக்காரர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பிழைப்பே பேலன்சிங்தான், டயர் இல்லை, கோயம்புத்தூரில் பம்ப் இம்பெல்லர், மோட்டார் ரோட்டார் வகையறா. அதனால் இந்த மணி விஷயத்தை டயர் கடைப் பக்கமிருந்து பார்க்காமல் சுழலும் பொருள் எதுவாக இருந்தாலும் பொருந்துகிற கணக்கிலிருந்து பார்க்கிறேன்.

முதலில் அந்த பாக்கெட்டில் இருப்பது என்ன? சுமார் 1 மி.மீ. அளவுள்ள உருண்டைகள். கண்ணாடியில் ஒரு நிறுவனம் செய்கிறது (கவுன்ட்டர்ஆக்ட் என்ற பெயரில் கனடாவில் பிரபலம்), செராமிக்கில் இன்னொன்று (டைனா பீட்ஸ்). பைக் முன் டயருக்கு 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம், பின் டயருக்கு 2 அவுன்ஸ் என்பது வழக்கமான அளவு. பெரிய லாரி டயருக்குச் சுமார் 300 கிராம் போகும். அமெரிக்கா, கனடா லாரிக்காரர்களிடம் இது ஓடுவதற்குக் காரணம் எளிது. லாரி வீலைக் கழற்றி மெஷினில் ஏற்றி, லேசான பக்கத்து ரிம் ஓரத்தில் வெயிட் அடிப்பது நேரம் பிடிக்கிற வேலை. மணியோ சின்னப் பையில் வரும், டயரை ரிம்மில் ஏற்றும்போதே பையோடு உள்ளே போட்டுவிடலாம், சில வகைப் பைகள் வண்டி ஓடும்போது தானே கிழிந்து மணியைக் கொட்டிவிடும். இதற்கு முன்னோடியாக டயருக்குள் கோல்ஃப் பந்து போட்டு ஓட்டியவர்களும், கூலன்ட் ஊற்றி ஓட்டியவர்களும் அங்கே உண்டு. காட்டுப்பாதை ஜீப்காரர்கள் பொம்மைத் துப்பாக்கிக்கான 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைக் கொட்டுவார்கள். ஆக, யோசனை பழையது, மூடநம்பிக்கையும் இல்லை.

பேலன்ஸ் இல்லாத வீல் என்ன செய்கிறது என்று உங்கள் டயர் அளவிலேயே ஒரு கணக்குப் போடுவோம். ரிம்மின் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 19 அங்குல ரிம் என்றால் நடுவிலிருந்து 24 செ.மீ. தள்ளி அந்த 30 கிராம் சுற்றுகிறது. 90 கி.மீ. வேகத்தில் அது வீலை வெளியே இழுக்கும் விசை சுமார் 4 கிலோ எடைக்குச் சமம். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது என்பதால் நொடிக்கு 12 முறை இந்த 4 கிலோ மேலே ஒரு இழு, கீழே ஒரு தள்ளு. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும், 45-ல் வெறும் ஒரு கிலோ. நம் ஊரில் 50, 60-ல் ஓடும் வண்டிகள் பேலன்சிங் என்ற பேச்சே இல்லாமல் காலம் தள்ளுவது இதனால்தான். கடைக்காரர் ஆயுள் முழுக்க அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது மணி எப்படி வேலை செய்கிறது. வண்டி நிற்கும்போது எல்லாம் அடியில் குவிந்து கிடக்கும். 6, 7 கி.மீ. வேகம் தாண்டியதும் மேலே போன மணி கீழே விழாமல் டயரோடு ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்கும். 90-ல் ஒவ்வொரு மணியும் தன் எடையைப் போல் 190 மடங்கு விசையோடு டயரின் உள் ரப்பரில் அழுந்தியிருக்கும். அப்படி அழுந்திய மணி எங்கே நகரும்? சுழற்சி மையத்திலிருந்து எந்த இடம் அதிகத் தொலைவில் இருக்கிறதோ அங்கே. மணிக்கு வேறு எந்த அறிவும் கிடையாது. கனமான பக்கம் எது, லேசான பக்கம் எது என்று அதற்குத் தெரியாது. "வெளியே எங்கே போக முடியுமோ அங்கே போ", இந்த ஒரே கட்டளைதான்.

அப்படியானால் அது லேசான பக்கத்துக்கு ஏன் போக வேண்டும்? இங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது, பாக்கெட் மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

ஒரு ரப்பர் பேண்டில் சின்னப் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் பூட்டும் கையோடு சேர்ந்து போய்வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பூட்டு தாறுமாறாகத் துள்ளும். அதையும் தாண்டிக் கையை வேகமாக ஆட்டினால் பூட்டு கொஞ்சமாகத்தான் அசையும், அதுவும் கைக்கு நேர் எதிராக, கை மேலே போகும்போது பூட்டு கீழே. நடுவில் துள்ளிய கட்டம்தான் ரெசனன்ஸ், பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது. எங்கள் தொழிலில் கிரிட்டிக்கல் வேகம் என்போம்.

வீலும் அதே மாதிரிதான். கிரிட்டிக்கல் வேகத்துக்குக் கீழே, கனமான பக்கம் மேலே வரும்போது வீலும் மேலே நகர்கிறது. ஆக, மையத்திலிருந்து அதிகம் வெளியே தள்ளியிருப்பது கனமான பக்கமே. மணி அங்கேதான் போய்ச் சேரும், இருக்கிற கோளாறோடு தன் கோளாறையும் கூட்டும். கிரிட்டிக்கல் வேகத்துக்கு மேலே போனால் தலைகீழ். கனமான பக்கம் மேலே வரும்போது வீல் கீழே இறங்கியிருக்கும், அதனால் மையத்திலிருந்து அதிகம் தள்ளியிருப்பது லேசான பக்கம். மணி அங்கே போகும், பேலன்ஸ் ஆகும். மந்திரம் போலத் தெரிவது இந்த இரண்டாவது நிலை.

இது ஊகம் இல்லை. சுவீடனில் குஸ்தாவ் டி லாவல் 1889-ல் தன் நீராவி டர்பைனுக்கு வளையும் தன்மையுள்ள மெல்லிய ஷாஃப்ட் போட்டு, கிரிட்டிக்கல் வேகத்தைத் தாண்டி ஓட்டினால் அது அமைதியாகிவிடுகிறது என்று காட்டினார். ஏன் அப்படி என்ற கணக்கைத் தெளிவாக எழுதியவர் ஜெஃப்காட், 1919-ல். இன்று ரோட்டார் படிக்கிறவர்களின் முதல் பாடமே அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தக் குணத்தைப் பயன்படுத்திப் பந்து வைத்துத் தானாக பேலன்ஸ் செய்யும் முறையை 1930-களில் தியர்ல் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கினார். உங்கள் வீட்டில் மேல்பக்கம் மூடி திறக்கிற வாஷிங் மெஷின் இருந்தால் அதன் டிரம்மின் மேல் விளிம்பில் ஒரு தடித்த பிளாஸ்டிக் வளையம் இருக்கும், ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். அது உப்பு நீர், வேலை இதேதான். கணினியில் சிடி போடுகிற டிரைவ்களில்கூட குட்டி எஃகுப் பந்துகள் வைத்த வளையம் வந்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், வாஷிங் மெஷின் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. அதன் கிரிட்டிக்கல் வேகம் மிகக் குறைவு, துணி பிழியச் சுற்றும் வேகம் அதைவிடப் பல மடங்கு. ஆக எப்போதும் நல்ல பக்கத்தில்தான் வேலை செய்கிறது. சாலையில் ஓடுகிற வீலுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

பைக்கோ காரோ, தரைக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவில் வீல் துள்ளுகிற இயல்பான அதிர்வெண் நொடிக்குச் சுமார் 10 முதல் 15. உங்கள் 2.1 மீட்டர் டயருக்கு நொடிக்கு 10 சுற்று என்றால் 75 கி.மீ. வேகம், 12 என்றால் 90, 15 என்றால் 113. உங்கள் துடிப்பு எங்கே வருகிறது என்று சொன்னீர்கள்? 85, 90-ல். அதாவது உங்கள் வண்டி படுத்தும் பாடு அநேகமாக ரெசனன்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. இன்னும் 10, 15 கூட்டினால் துடிப்பு குறைகிறதா என்று நல்ல சாலையில் பார்த்தீர்களா? குறைந்தால் என் ஊகம் சரி. அப்படி இருந்தால் மணி உங்களுக்கு 100-க்கு மேல் உதவும், 85-க்குக் கீழே உதவாது, சில நேரம் கெடுக்கும், நடுவில் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. கீழ் வேகத்தில் கெடுத்தாலும் பெரிதாகத் தெரியாது, விசை வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால் 60-ல் இருக்கும் விசை 90-ல் இருப்பதில் பாதிகூட இல்லை. "போட்டேன், சூப்பர்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 110, 120-ல் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள் என்பதைக் கவனித்தால் புரியும்.

இதற்கு மேல் இன்னொரு தொந்தரவு இருக்கிறது, ரோட்டார்காரனாக எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். மணி மையத்திலிருந்து தொலைவான இடத்தைத் தேடிப் போகிறது என்றேன். அந்தத் தொலைவு வித்தியாசம் எவ்வளவு? உங்கள் முன் வீல், டிஸ்க், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி எல்லாம் சேர்ந்து 15 கிலோ என்று வைத்தால், 30 கிராம் கோளாறு கிரிட்டிக்கல் வேகத்தை நன்றாகத் தாண்டிய பிறகு வீலை நகர்த்துவது சுமார் அரை மி.மீ. அவ்வளவுதான். மணிக்கு வழிகாட்டுவது இந்த அரை மி.மீ. மட்டுமே. டயரின் உள்பக்கமோ லேத்தில் கடைந்த வட்டம் இல்லை, ரப்பர் தாள்கள் ஒட்டிய மூட்டும், அச்சில் வெந்த வரிகளும், ரிம் கோணலும் சேர்ந்து அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை வட்டம் தப்புவது சாதாரணம். அப்போது மணி எதைக் கேட்கும்? வீல் அசைவு காட்டுகிற திசையையா, டயர் உள்ளே குழிந்திருக்கிற இடத்தையா? பைக்கில் இரண்டும் சரிக்குச் சரி. காரில் ஒரு மூலைக்கு 35 கிலோ இருக்கும், ரிம்மும் சின்னது, அதனால் அதே 30 கிராம் அங்கே 0.15 மி.மீ.தான் நகர்த்தும், டயர் வட்டம் தப்பியது அதைவிடப் பல மடங்கு. மணி பைக்கில் ஓரளவு பலிப்பதும் காரில் பலிக்காமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான் என்பது என் முடிவு.

இந்தத் தொழிலுக்கென்று செய்யப்படும் பந்து பேலன்சர்களில் பந்து ஓடும் பாதையை மைக்ரான் கணக்கில் வட்டமாகக் கடைந்து, எண்ணெய் ஊற்றி, பந்து தடையில்லாமல் உருளும்படி வைப்பார்கள். டயருக்குள் 190 மடங்கு விசையோடு ரப்பரில் அழுந்திக் கிடக்கும் மணி உருண்டு போவது அத்தனை சுலபம் இல்லை. அதைக் காப்பாற்றுவது ஒரே ஒரு விஷயம், டயர் தரையைத் தொடும் இடம். அந்த இடத்தில் டயர் தட்டையாகிறது, வளைவு இல்லை, அந்த ஒரு கணம் மணியை அழுத்தும் விசை ஏறக்குறைய காணாமல் போகிறது, சாலையின் குலுக்கலில் மணி கொஞ்சம் இடம் மாறிக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக.

காரைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். கார் டயர் அகலமானது, கோளாறு உள் விளிம்பில் ஒரு பக்கமும் வெளி விளிம்பில் எதிர்ப்பக்கமுமாக இருக்கலாம். மொத்தத்தில் பேலன்ஸாக இருந்தும் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டும். மெஷினில் இரண்டு எண்கள் தனித்தனியாக வருவது இதற்காகத்தான். டயரின் நடுப்பட்டையில் குவிகிற மணி இதைத் தொடக்கூட முடியாது. காருக்கு மணி போடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, மூலைக்கு மூலை பேலன்சிங் மெஷின் இருக்கிறது.

டயர் கோணல், ரிம் கோணல், பக்கச்சுவரில் விறைப்பு வித்தியாசம், இதையெல்லாம்கூட மணி சரிசெய்யும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கோணலால் வரும் தூக்கல் வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது, மணியின் விசையோ வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. ஏதோ ஒரு வேகத்தில் இரண்டும் தற்செயலாகச் சமமானால் உண்டு. அதுபோல "புது டயரோடு மணி போட்டேன், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது" என்ற சாட்சியத்தையும் பாதி விலைக்குத்தான் வாங்க வேண்டும், தேய்ந்து சப்பையான பழைய டயருக்குப் பதில் புது டயர் போட்டாலே வண்டி அப்படித்தான் ஓடும்.

மணி போட்ட வீலை பேலன்சிங் மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு கடையில் நேரில் பார்த்தேன். பையன் வீலை மாட்டிச் சுற்றிவிட்டான், 40 கிராம் என்று காட்டியது, வால்வுக்கு எதிர்ப்பக்கம். வெயிட் ஒட்டுவதற்கு முன்னால் ஏதோ சந்தேகத்தில் இன்னொரு முறை சுற்றினான், 15 கிராம், வேறு இடம். மூன்றாம் முறை வேறொரு எண். மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான், பாவம். மெஷின் மேல் தப்பே இல்லை. அதன் ஷாஃப்ட் விறைப்பாகப் பிடிக்கப்பட்டது, வீல் அசையாது, அசையாத வீலில் மணிக்குத் திசை காட்ட எதுவும் இல்லை, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். அதனால் மெஷினில் எண் வரவில்லை என்பதை வைத்து மணி வேலை செய்யாது என்று சொல்வதும் தப்பு, சாலையில் அது வேறு நிலைமை. ஒரு விஷயம் நிச்சயம், மணியை உள்ளே விட்ட பிறகு அந்த டயரை மெஷினில் பேலன்ஸ் செய்யும் வழி அடைபட்டுவிடும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். புது டயர் போட்ட உடனே துடிப்பு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எடையை அல்ல, டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்ததா என்பதை. டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி வட்டம் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்து இன்னோரிடத்தில் வெளியே தள்ளித் தெரிந்தால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, எந்த மணியும் வெயிட்டும் அதைச் சரிசெய்யாது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, டயர் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் காற்று ஏற்றி, உட்கார்ந்த பிறகு வழக்கமான அளவுக்கு இறக்க வேண்டும். அடுத்து மஞ்சள் புள்ளி. புது டயரின் பக்கத்தில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதுதான் டயரின் லேசான இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்ற வேண்டும், ஏனென்றால் வால்வு இருக்கும் இடத்தில் ரிம் கொஞ்சம் கனம். சிவப்புப் புள்ளி வேறு, அது டயர் தூக்கலாக இருக்கும் இடத்தைக் காட்டுவது. கடையில் அவசரத்தில் எந்தப் புள்ளியையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டயரைப் பாதி சுற்றுத் திருப்பி ஏற்றியதிலேயே துடிப்பு அடங்கிய வண்டிகள் உண்டு. கூடவே கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்) லூஸாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினால் கையில் தட்டும். கோன் செட் லூஸாக இருந்தால் ஐந்து கிராம் கோளாறுகூட ஹேண்டிலில் ஐம்பது மாதிரி தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பேலன்ஸ். பைக் முன் வீல் ஒல்லியானது, அதற்கு இரண்டு பக்கக் கணக்குத் தேவையில்லை, மெஷினும் கட்டாயமில்லை. வீலைக் கழற்றி, நேரான ஒரு கம்பியை அதன் நடுவே விட்டு, கம்பியின் இரு முனையும் பேரிங் மேல் உட்காரும்படி இரண்டு ஸ்டாண்ட் மேல் வைக்க வேண்டும். வீல் பேரிங்கின் சீல் கிரீஸோடு இறுக்கமாக இருக்கும், அதை நம்பினால் பத்து, பதினைந்து கிராம் கோளாறு தெரியாமல் போய்விடும், அதனால் வெளியே இன்னொரு பேரிங் வைப்பது முக்கியம். மெதுவாக விட்டால் கனமான இடம் தானே கீழே வந்து நிற்கும். உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கே 5 கிராம் ஸ்டிக்கர் வெயிட்டுகளை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, எந்த நிலையில் விட்டாலும் வீல் அப்படியே நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள். அப்புறம் ரிம்மை பெட்ரோலில் துடைத்து, காயவிட்டு, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் நிரந்தரமாக ஒட்டுங்கள். தூசி மேல் ஒட்டினால் இரண்டாவது வாட்டர் வாஷில் காணாமல் போகும். பெரிய பைக் விற்கும் ஷோரூம் சர்வீஸ்களில் இதற்கான ஸ்டாண்டோ மெஷினோ வைத்திருப்பார்கள், வீலைக் கையில் கழற்றிக் கொண்டுபோனால் செய்துகொடுப்பார்கள். செலவு மணி பாக்கெட்டைவிடக் குறைவு, எல்லா வேகத்திலும் வேலை செய்யும், டயர் தேய்ந்து மாறும்வரை கவலையில்லை.

இத்தனைக்குப் பிறகும் மணியைப் போட்டுப் பார்க்கிற ஆசை இருந்தால் போடுங்கள், ஆபத்து என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நீண்ட பயணத்தில் 100-க்கு மேலேயே ஓட்டுகிறவர் என்றால் பலன்கூடத் தெரியலாம். ஆனால் உள்ளே பஞ்சர் ஜெல் ஊற்றியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டியூப்லெஸ் டயர் வாங்கினால் ஜெல்லும் சேர்த்து ஊற்றித் தருகிற கடைகள் நிறைய, ஜெல்லும் மணியும் சேர்ந்தால் ஓரிடத்தில் கட்டியாகி இருந்ததைவிட மோசமாகும். ஈரமும் அப்படியே. கடை கம்ப்ரஸர் டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரை யாரும் தினமும் திறந்துவிடுவதில்லை, காற்றோடு அதுவும் உள்ளே வரும், மணி கட்டி தட்டும். டயர் ஏற்றத் தடவிய சோப்பும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நைட்ரஜன் பிடிப்பது அர்த்தமுள்ள செலவு, காய்ந்த காற்று என்ற ஒரே காரணத்துக்காக.

பிறகு வால்வு. பாக்கெட்டோடு சல்லடை வைத்த வால்வு பின் வந்திருக்கும், அதைக் கட்டாயம் மாற்றுங்கள். சாதாரணப் பின்னை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்றால், காற்று செக் செய்ய கேஜை வைத்து அழுத்தும்போது காற்றோடு ஒரு மணி வந்து பின்னின் ரப்பருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கேஜை எடுத்த பிறகும் மெல்லிய உஸ் சத்தம் நிற்காது, மறுநாள் காலையில் டயர் படுத்திருக்கும். சல்லடை பின் இருந்தாலும் காற்று பார்க்கும்போது வால்வு உச்சியில் இருக்கும்படி வீலைத் திருப்பிக்கொண்டு, முதலில் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அதன் பிறகு கேஜ் வையுங்கள். பஞ்சர் ஆனால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டயரைப் பிரித்ததும் தரையெல்லாம் மணி கொட்டி, அதில் கால் வைத்து அவர் வழுக்கினால் சிரித்த சிரிப்பெல்லாம் போய்விடும். 28 கிராமைக் கூட்டி அள்ளித் திரும்பப் போட முடியாது, இன்னொரு பாக்கெட் வேண்டும்.

அண்ணன் லாரிக்கு ஏன் வேண்டாம் என்றேன்? லாரி டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டருக்கு மேல் போகும். 80-ல் ஓடினால் நொடிக்கு 7 சுற்றுகூட இல்லை. லாரி வீல் துள்ளும் அதிர்வெண்ணும் 10-ஐ ஒட்டித்தான். ஆக நம் ஊர் லாரி எந்த நாளும் கிரிட்டிக்கல் வேகத்துக்குக் கீழேதான் ஓடுகிறது, கணக்குப்படி மணி தப்பான பக்கத்துக்குப் போக வேண்டிய வேகம் அது. கனடாவில் மைத்துனர் 105-ல் ஓட்டினால் நொடிக்கு 9 சுற்று, ரெசனன்ஸை முட்டிக்கொண்டு நிற்கிற இடம், அங்கேயே கணக்கு இழுபறிதான். ஆனாலும் அங்கே டிரைவர்கள் சத்தியம் செய்கிறார்களே என்றால், பலர் ஒப்பிடுவது மணி போட்ட டயரை எதுவுமே செய்யாத டயரோடு, அதுவும் வேறு வேறு நாளில், வேறு டயரில். மைத்துனர் சொல்வதை நான் தள்ளவில்லை. அவர் வேகத்தில் அவர் வண்டியில் ஏதோ உணர்ந்திருக்கலாம், அது அண்ணன் வண்டிக்கு வராது. அதிலும் அண்ணன் லாரி டியூப் டயர் என்றால் மணியை டியூபுக்குள் விட வேண்டும், டியூபில் மடிப்பு விழுந்தால் மணி அங்கேயே தங்கிவிடும். ரீட்ரெட் கொடுக்கும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் வேறு தலைவலி.

வீலுக்குப் பின்னால் போல்ட்டோடு சேர்த்து மாட்டுகிற வளையம் ஒன்றும் அங்கே விற்கிறது, சென்ட்ராமேட்டிக் என்று. வளையத்துக்குள் எண்ணெயும் உலோகக் குண்டுகளும். டயருக்குள் கொட்டுவதைவிட இது ஒழுங்கான வேலை, பாதை வட்டமானது, மையம் தப்பாது, டயர் மாற்றினாலும் இது இருக்கும். ஆனால் கிரிட்டிக்கல் வேகத்துக்குக் கீழே ஓடினால் இதற்கும் அதே கதிதான். அண்ணனிடம் முன் இரண்டு வீலை மட்டும் லாரி பேலன்சிங் மெஷின் இருக்கும் கடையில் கொடுத்து வெயிட் அடிக்கச் சொல்லுங்கள், கூடவே கிங்பின் (முன் வீல் இடவலமாகத் திரும்புவதற்கான அச்சு) லூஸும் வீல் பேரிங்கும் பார்க்கச் சொல்லுங்கள். முன் டயர் திட்டுத் திட்டாகத் தேய்கிறது என்பது அவர் புகார் என்றால் பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.